பன்னிரண்டு அளவும் ஒரு மாட்டுக்கொம்பும்

சாம்பெரியில் புறப்பட்ட உள்ளூர் ரயில் ஆர்க் ஆற்றின் பள்ளத்தாக்குக்குள் நுழைந்ததும் இரண்டு பக்கமும் ஆல்ப்ஸ் மலை நெருங்கி வந்துவிடுகிறது. ஆறு, தண்டவாளம், நெடுஞ்சாலை மூன்றும் ஒரே இடுக்கில் இடித்துக்கொண்டு இத்தாலி எல்லையை நோக்கி ஏறுகின்றன. பிரான்சின் தென்கிழக்கில், சவோய் பகுதியில், அந்த இடுக்கு சற்றே அகலமாகும் இடத்தில் இருக்கிறது சேன்-ழான்-த-மொரியேன். அலுமினிய ஆலை, பழைய தேவாலயம், சைக்கிளில் கணவாய் ஏற வரும் கூட்டம் என்று ஊருக்குப் பல அடையாளங்கள் உண்டு. மடக்குக்கத்தி ஆசை பிடித்தவர்கள் இங்கே இறங்குவது ஒப்பினெல் அருங்காட்சியகத்துக்காக.

ஊருக்கு மேலே மலையில் இருக்கும் அல்பியே கிராமத்துக் கொல்லர் குடும்பம் ஒப்பினெல் குடும்பம். கோடரி, வெட்டரிவாள், கவாத்துக் கத்தி என்று விவசாயிகளுக்கு வேண்டியதை அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள். 1872-ல் பிறந்த ஜோசப் ஒப்பினெலுக்கு இயந்திரங்கள்மீது மோகம். தானே ஒரு கேமராவைச் செய்து கிராமத்துக் கல்யாணங்களைப் படம் எடுத்தவர். 1890-ல், பதினெட்டு வயதில், ஒரு சின்ன மடக்குக்கத்தியைச் செய்தார். ஒரு அலகு, ஒரு மரப்பிடி, பிடியின் கழுத்தில் ஒரு உலோகப் பூண், குறுக்கே ஒரு ஆணி. அவ்வளவுதான். வில் கிடையாது, உள்தகடு கிடையாது. உருளையான மரக்கட்டையில் ஒரு காடி வெட்டி அதற்குள் அலகை மடக்கிவிட்டார்.

1897-ல் அந்தக் கத்தியைப் பன்னிரண்டு அளவுகளில் போட்டு, ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண் கொடுத்தார். கத்திப் பிரியர்கள் இன்றும் மல்லுக்கட்டுவது இந்த எண்களோடுதான். இரண்டாம் எண்ணின் அலகு 3.5 செ.மீ. மூன்று 4, நான்கு 5, ஐந்து 6, ஆறு 7, ஏழு 8. எட்டாம் எண் 8.5. அதற்குமேல் எண்ணும் சென்டிமீட்டரும் ஒன்றாகிவிடுகின்றன: ஒன்பது 9, பத்து 10, பன்னிரண்டு 12. கடைக்காரர்கள் சென்டிமீட்டரைச் சொல்லுவதே இல்லை. வாங்குபவர் உள்ளங்கையை ஒரு பார்வை பார்த்துவிட்டு "ஏழா, எட்டா?" என்று கேட்பதோடு சரி.

ஒன்றாம் எண்ணையும் பதினொன்றாம் எண்ணையும் இன்று கடையில் கேட்டால் கிடைக்காது. ஒன்றாம் எண்ணுக்கு அலகு வெறும் 2 செ.மீ. கடிகாரச் சங்கிலியில் தொங்கவிட அதில் ஒரு வளையமும் இருந்தது. அழகுதான், ஆனால் அதை வைத்து எதையும் உருப்படியாக வெட்ட முடியாது. பதினொன்றோ பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. இதை ஏன் வாங்கவேண்டும் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. இரண்டாம் உலகப்போருக்கு முன்பே இரண்டையும் நிறுத்திவிட்டார்கள். பிற்பாடு பதின்மூன்றாம் எண் என்று ஒரு ராட்சதன் வந்தது, அலகு மட்டும் 22 செ.மீ. அதைச் சட்டைப்பையில் போட வேண்டுமென்றால் சட்டையைத் தனியாகத் தைக்க வேண்டும். கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தி வைக்கவே அது சரி.

மடக்குக்கத்தியில் அளவு என்பது அலகின் நீளம் மட்டும் அல்ல என்பது நான்கைந்து எண்களை அடுத்தடுத்துக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் விளங்கும். அலகு பிடிக்குள் மடங்கி அடங்க வேண்டும். ஆகவே பிடி எப்போதும் அலகைவிட நீளம். எட்டாம் எண்ணின் பிடி 11 செ.மீ. சராசரி ஆளின் உள்ளங்கை அகலத்தைத் தாண்டி ஒரு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நான்கு விரலும் மடங்கிப் பிடிக்க அது போதும். ஐந்தாம் எண்ணில் சுண்டுவிரலுக்கு இடம் இல்லை. மூன்றாம் எண்ணை விரல் நுனிகளால் பேனா பிடிப்பதுபோலத்தான் பிடிக்க முடியும். நூல் அறுக்கலாம், பென்சில் சீவலாம், ஆப்பிளை நறுக்கப் போனால் கை வழுக்கும். ஏழுக்கும் எட்டுக்கும் அலகில் அரை சென்டிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் எட்டின் பிடி பருமனும் கூடுதல். அந்தக் கொஞ்சப் பருமன்தான் கடினமான பாலாடைக்கட்டியை அழுத்தி வெட்டும்போது கை வலிக்காமல் காக்கிறது. உலகமெங்கும் எட்டாம் எண் ஓடிக்கொண்டிருப்பதற்கு வேறு ரகசியம் தேட வேண்டியதில்லை.

அதற்காக மற்ற எண்களைத் தள்ளிவிட முடியாது. ஏழாம் எண்ணில் முனை மழுங்கிய ஒரு கத்தி உண்டு, குழந்தைகளின் முதல் கத்தி என்றே விற்கிறார்கள். எட்டில் காளான் பறிக்க வளைந்த அலகு; பிடியின் பின்புறம் மண் தட்ட ஒரு சிறு தூரிகை. ஒன்பதில் சிப்பி திறக்கும் குட்டையான தடித்த அலகு. பத்தில் ஒயின் பாட்டில் தக்கை எடுக்கும் திருகி. பன்னிரண்டு ரொட்டிக்கும் தோட்டத்துக்கும். எல்லாக் கத்தியிலும் பிடியின் உருவம் மட்டும் மாறவே இல்லை. நடுவில் லேசாகப் பருத்து, வால் பக்கம் மீன்வால்போல் விரியும் அதே மரக்கட்டை. 1985-ல் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் உலகின் மிகச் சிறந்த வடிவமைப்புகள் நூறைத் தொகுத்தபோது, போர்ஷே காரோடு இந்தப் பதினைந்து யூரோ கத்தியும் சேர்ந்துகொண்டது.

பிடிக்குப் பெரும்பாலும் பீச் மரம். பிரான்சின் காடுகளில் தாராளமாகக் கிடைப்பது. வெளிர் நிறம், நெருக்கமான இழை, கடைசலுக்கு நன்றாக வளைந்துகொடுக்கும், விலையும் குறைவு. அதற்கு ஒரே கெட்ட குணம், தண்ணீரைக் குடிக்கும். மழையில் நனைந்த கத்தியையோ, கழுவி ஈரத்தோடு மடக்கி வைத்த கத்தியையோ அடுத்த நாள் திறக்கப் பார்த்தால் அலகு அசையாது. மரம் உப்பி, காடி சுருங்கி, அலகை இறுக்கிப் பிடித்திருக்கும். நகத்தை வைத்து இழுத்தால் நகம்தான் போகும்.

இதற்குச் சவோய்க்காரர்களிடம் ஒரு வைத்தியம் இருக்கிறது. கத்தியை மடக்கிய நிலையிலேயே தலைகீழாகப் பிடித்து, பிடியின் வால் முனையை மேசை விளிம்பிலோ கல்லிலோ ஒரே தட்டாகத் தட்டுவார்கள். அந்த அதிர்ச்சியில் அலகின் முனை காடியிலிருந்து ஒரு சில மில்லிமீட்டர் எகிறி வெளியே எட்டிப்பார்க்கும். விரலால் பற்ற அது போதும். சவோய்க்காரன் தட்டு என்றே இதற்குப் பெயர். பழைய கத்திகளின் வால் முனையைக் கவனித்தால் இந்தத் தட்டுகள் விட்டுப்போன பள்ளங்கள் வரிசையாகத் தெரியும். மெருகு போய், மரம் கருத்து, மூலை தேய்ந்திருக்கும். ஆளிவிதை எண்ணெயில் பிடியை ஊறவைத்தால் உப்புவது குறையும் என்று சிலர் அதையும் செய்கிறார்கள்.

அலகு இறுகுவது ஒரு தொல்லை என்றால், இறுகாமல் இருப்பது அதைவிடப் பெரிய தொல்லை. வில் இல்லாத கத்தி ஆயிற்றே; கோடையில் மரம் காய்ந்து காடி தளர்ந்தால், அழுத்தி வெட்டும்போது அலகு மடங்கி விரலில் வாய் வைத்துவிடும். 1955-ல் மார்செல் ஒப்பினெல் பூணுக்கு மேலே இன்னொரு சுழலும் வளையத்தைப் போட்டார். வளையத்தில் ஒரு வெட்டு. வெட்டு நேராக நின்றால் அலகு மடங்கும்; வளையத்தைக் கொஞ்சம் திருகினால் அலகின் அடி தடைபட்டு நின்றுவிடும். 2000-க்குப் பிறகு மடக்கிய நிலையிலும் பூட்டும்படி அதைத் திருத்தினார்கள். நாலு உறுப்புக் கத்தி ஐந்து உறுப்புக் கத்தியானது. ஆனால் இந்த வளையம் ஆறாம் எண்ணிலிருந்து மேலேதான். ஐந்தும் அதற்குக் கீழும் பழைய மாதிரியே மரத்தின் பிடிமானத்தை நம்பி இருக்கின்றன.

அதே எட்டாம் எண் ஓக், அக்ரூட், ஆலிவ் மரப் பிடிகளிலும் கிடைக்கிறது. கருங்காலியிலும் மாட்டுக்கொம்பிலும்கூட உண்டு. அலகு அதேதான்; விலை மட்டும் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, அதற்கு மேலும். ஓக் மரத்தில் இழைகள் தடித்து ஓடுவதால் கைக்குச் சொரசொரப்பான பிடிமானம் கிடைக்கிறது. ஆலிவ் வேறு மாதிரி: தேன் நிறத்தில் பழுப்புக் கோடுகள் அலையாக ஓட, எந்த இரண்டு கத்தியும் ஒன்றாக இருக்காது, எண்ணெய்ப் பசை உள்ள மரம் ஆகையால் பீச் அளவுக்கு ஈரத்தையும் இழுக்காது. அக்ரூட் எடை குறைவு. வேலைக்கு வாங்குபவர் பீச்சையோ ஓக்கையோ வாங்கினால் குறை வராது. பரிசு கொடுக்கிறவர் ஆலிவ் வாங்குவார். வாங்கியவர் கீறல் விழுமே என்று அதை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிடுவார்.

அலகில் கார்பன் எஃகா, துருப்பிடிக்காத எஃகா என்ற சண்டை தனி. சாணை பிடிக்கச் சுலபம் கார்பன். ஆனால் அதில் ஒரு ஆப்பிளை நறுக்கிவிட்டுத் துடைக்காமல் வைத்தால் கால் மணி நேரத்தில் அலகில் நீலமும் சாம்பலுமாகக் கறை படர்ந்துவிடும். பழையவர்களுக்கு அந்தக் கறை பிடிக்கும்.

சவோயிலிருந்து மேற்கே, லியோனைத் தாண்டி ஓவெர்ன் மலைகளுக்குள் போனால் தியேர். பிரான்சில் செய்யப்படும் கத்திகளில் பெரும்பகுதி இந்த ஒரே ஊரிலிருந்து வருகிறது. மலைச்சரிவில் தொற்றிக்கொண்டிருக்கும் ஊர். தெருக்கள் படிக்கட்டாகவே ஏறுகின்றன. இடைக்காலத்திலிருந்து கத்தி செய்யும் இந்த ஊரில் இரும்பும் கிடையாது, நல்ல சாணைக்கல்லும் கிடையாது. இரண்டும் வெளியிலிருந்து வரவேண்டும். இருந்தது துரோல் என்ற சிற்றாறு ஒன்றுதான். ஊருக்குள் அது செங்குத்தாகக் கொட்டுகிறது. அந்த வீழ்ச்சியில் சக்கரங்களை நிறுத்தி, சம்மட்டியையும் சாணையையும் ஓட்டியே ஐந்து நூற்றாண்டுப் பிழைப்பு நடந்தது.

சாணை பிடித்தவர்களின் கதையைத் தியேரின் கத்தி அருங்காட்சியகத்தில் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். சுழலும் பெரிய கல்லுக்கு மேலே ஒரு பலகை. அதன்மீது குப்புறப் படுத்து, கைகளைக் கீழே நீட்டி, உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து அலகைக் கல்லில் அழுத்துவார்கள். கீழே ஆற்றுத் தண்ணீர் தெறித்துக்கொண்டே இருக்கும். கல்லின் மஞ்சள் சேறு வயிற்றிலும் மார்பிலும் அப்பும். மஞ்சள் வயிற்றுக்காரர்கள் என்று அவர்களுக்குப் பெயரே வந்துவிட்டது. குளிர்காலத்தில் கால் விறைக்காமல் இருக்க நாயைக் கால்மீது படுக்க வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். கல் வெடித்தால் ஆள் காலி. ஊருக்கு வெளியே பள்ளத்தாக்கில் 1970கள் வரை ஓடிய ஒரு சாணைக் கூடம் இன்றும் பார்வைக்கு இருக்கிறது.

தியேரில் ஒரு கத்தியை ஒரே ஆள் செய்ததில்லை. அலகு அடிப்பவர் ஒருவர், சாணைக்காரர் ஒருவர், பிடி செதுக்குபவர் ஒருவர், கோத்து முடிப்பவர் ஒருவர். பலருக்கு வீடேதான் பட்டறை. கொம்பு, எலும்பு, மரம் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கை இருந்ததால், எந்தப் பகுதிக்காரர் எந்தப் பிடி கேட்டாலும் இந்த ஊரால் கொடுக்க முடிந்தது. பிரான்சின் ஒவ்வொரு வட்டாரமும் தன் கத்தி என்று மார்தட்டும் உருவங்களில் பலவும் இங்கே செய்யப்பட்டு அந்தந்த ஊருக்கு ரயில் ஏறியவைதான்.

பிடிக்கு மரமும் வேண்டாம் கொம்பும் வேண்டாம் என்று முடிவெடுத்த ஒரு கத்தியும் தியேரில்தான் பிறந்தது. 1929-ல் கொன்யே பட்டறை செய்த டூக்-டூக். ஒரே எஃகுத் தகட்டை இரண்டாக மடித்தால் பிடி. வேறு ஒட்டும் இல்லை, மூட்டும் இல்லை. பசிபிக் தீவுகளில் விற்பதற்காகச் செய்ததால் மெலனீசிய ஆவி ஒன்றின் உருவத்தைப் பிடியில் பொறித்தார்கள். எண்ணெல்லாம் கிடையாது, விரித்த நீளம் மில்லிமீட்டரில் எவ்வளவோ அதுவே பெயர். 160 என்றால் 16 செ.மீ., 200 என்றால் 20 செ.மீ. மடக்கினால் மெல்லிய தட்டையான தகடு. கால்சட்டைப் பையில் இருப்பதே தெரியாது. ஒப்பினெலின் உருண்டைப் பிடி பையைப் புடைக்கவைக்கும், இது வைக்காது. ஆனால் குளிர்காலக் காலையில் கையுறை இல்லாமல் எடுத்தால் விரல் சில்லிட்டுப்போகும். ஒரு ரொட்டியை வெட்டி முடிப்பதற்குள் தகட்டின் விளிம்பு உள்ளங்கையில் கோடு போட்டுவிடும். பைக்கு நல்ல கத்தி எல்லாம் கைக்கு நல்ல கத்தி ஆகிவிடாது.

அளவில் எதிர் எல்லையைப் பார்க்க வேண்டுமானால் இன்னும் மேற்கே, பெரிகோர் பகுதியின் நோன்த்ரோன் ஊருக்குப் போக வேண்டும். அங்கே பாக்ஸ்வுட் மரத்தில் பிடி போட்டு, சூட்டுக்கோலால் புள்ளிகளும் வளைவுகளும் இழுப்பது மரபு. அதே கத்தியை, அதே சூட்டுக்கோல் குறியோடு, அக்ரூட் ஓட்டுக்குள் அடங்கும் அளவில் குட்டியாகவும் செய்வார்கள். அலகு மடங்கும், பூணும் சுழலும். ஒன்றையும் வெட்டாது, வேலைக்காரனின் கை எவ்வளவு நுண்மையானது என்று காட்டுவதற்கே அது. பாக்ஸ்வுட் மிக மெதுவாக வளரும் மரம், மஞ்சள் நிறம், தண்ணீரில் கிட்டத்தட்ட மூழ்கும் அளவுக்கு அடர்த்தி, இழையே கண்ணுக்குத் தெரியாது. சூட்டுக்கோலின் கோடு கலங்காமல் நிற்பதற்கு அந்த அடர்த்திதான் காரணம். கிழக்காசியாவிலிருந்து வந்த ஒரு அந்துப்பூச்சி 2008 முதல் பிரான்சின் பாக்ஸ்வுட் புதர்களை மொட்டையடித்துக்கொண்டிருக்கிறது என்பது இந்தப் பிடிகளுக்கு நல்ல செய்தி அல்ல.

கொம்புக்காகப் போக வேண்டிய ஊர் லகியோல். ஓப்ராக் பீடபூமியில் ஆயிரம் மீட்டர் உயரத்தில், புல்லும் காற்றும் கற்சுவரும் மாடும் மட்டுமே கண்ணில் படும் நிலம். ஊர்ச் சதுக்கத்தில் நிற்பதும் தலைவர் சிலை அல்ல, வெண்கலக் காளை. ஓப்ராக் மாடு மான் நிறத்தில் இருக்கும், கண்ணைச் சுற்றி மை தீட்டியதுபோல் கறுப்பு. கொம்பு அகலமாகப் போய் மேலே வளைந்து கறுப்பு நுனியில் முடியும். இந்தக் கொம்பைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த ஊரில் கத்திக்குப் பிடி எதில் போடுவார்கள் என்று கேட்க வேண்டியதில்லை.

1829-ல் பியேர்-ழான் கால்மெல் என்பவர் இங்கே மடக்குக்கத்தி செய்யத் தொடங்கினார் என்பது ஊர் வரலாறு. பிறகு அந்தக் கத்தி வேலையை ஒட்டியே வளர்ந்தது. 1840 வாக்கில் ஒரு கூரான ஊசி சேர்ந்தது. ஈரமான தீவனத்தைத் தின்று வயிறு உப்பி மூச்சுத் திணறும் மாட்டின் இடது விலாவுக்குப் பின்னால் குத்தி வாயுவை வெளியேற்றவும், தோலில் ஓட்டை போடவும் மேய்ப்பர்களுக்கு அது வேண்டியிருந்தது. 1880 வாக்கில் தக்கைத் திருகி சேர்ந்தது. குளிர்காலப் பிழைப்புக்குப் பாரிஸ் போய் மதுக்கடைகளில் வேலைக்கு நின்ற ஓப்ராக்காரர்களின் தேவை அது. பிடியில் பித்தளை ஆணிகளால் ஒரு சிலுவை அடிப்பார்கள். கோவில் தொலைவில் இருக்கும் மேய்ப்பர் கத்தியை ரொட்டியில் குத்தி நிறுத்தி, அந்தச் சிலுவையைப் பார்த்து ஜெபித்தார் என்று கதை. வில்லின் தலையில் உட்கார்ந்திருக்கும் தேனீயை நெப்போலியன் கொடுத்தார் என்று கடைகளில் சொல்லும் கதையை நம்ப வேண்டாம். நெப்போலியன் இறந்து எட்டு ஆண்டு கழித்துதான் கத்தியே வந்தது. தேனீ வந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அதற்குமுன் அந்த இடத்தில் பூவும் இலையும் இருந்தன, அல்லது ஒன்றுமே இல்லை.

லகியோலுக்கு எண் கிடையாது. பிடியின் நீளமே அளவு: 11, 12, 13 செ.மீ. ஒப்பினெல்காரர் அலகைச் சொல்கிறார், லகியோல்காரர் பிடியைச் சொல்கிறார். இரண்டு ஊர்க் கத்தியையும் ஒப்பிடும்போது இதை மறந்தால் கணக்கு தப்பும். 11 செ.மீ. லகியோலும் எட்டாம் எண் ஒப்பினெலும் மடக்கிய நிலையில் ஒரே நீளம். கையில் வைத்தால் லகியோல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கனக்கும். இரண்டு உள்தகடு, ஒரு நீள வில், இரண்டு முனையிலும் பித்தளையோ எஃகோ குமிழ். ஊசியும் திருகியும் சேர்ந்தால் பிடி இன்னும் தடிக்கும். அலகு மட்டும் உள்ள கத்திக்கு 109 கைவேலை, மூன்றும் சேர்ந்ததற்கு 216 என்று பட்டறைகளில் கணக்குச் சொல்கிறார்கள். வில் அலகை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளுமே தவிரப் பூட்டாது. மடக்கும்போது டப்பென்று விடாமல் கையோடு கொண்டுபோய் வைப்பது இங்குள்ளவர்களின் பழக்கம்.

கொம்பைப் பிடியாக்கும் வேலையைச் சற்று நேரம் பக்கத்திலிருந்து பார்த்தால் விலைக்குக் காரணம் தெரிந்துவிடும். மாட்டுக்கொம்பின் பெரும்பகுதி உள்ளே பொள்ளல். நுனி மட்டுமே கெட்டி. பொள்ளலான பகுதியைச் சூடாக்கிப் பிளந்து அழுத்தித் தட்டையாக்கிப் பிடி போடலாம், ஆனால் வருஷங்கள் போகப் போக அது தன் பழைய வளைவை நினைத்துக்கொண்டு தூக்கிக்கொள்ளும், அடுக்கடுக்காகப் பிரியும். நல்ல பிடி கெட்டியான நுனியிலிருந்துதான் வரும். அதை நெடுக்காக இரண்டாக அறுத்தால் ஒரு கத்தியின் இரண்டு பக்கம். அறுக்கும்போது முடி பொசுங்கும் நாற்றம் பட்டறை முழுக்க அடிக்கும். கொம்பும் முடியும் நகமும் ஒரே சரக்குதான். பஞ்சுச் சக்கரத்தில் மெருகு ஏற்றினதும் உள்ளே பால் வெள்ளை, தேன், புகைக் கறுப்பு எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து தெரியும். சில இடத்தில் வெளிச்சம் ஊடுருவும். மரப்பிடி எந்த நாளும் இந்த அழகுக்கு வராது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். உறுதியில் கொம்பு அப்படியொன்றும் உசத்தி இல்லை. வெயிலில் கார் கண்ணாடிக்குப் பின்னால் கிடந்தால் கோணும், சுடுதண்ணீரில் ஊறினால் வெளுக்கும்.

கொம்பு வாணிபத்தில் நம் பக்கத்துக்கும் பங்கு உண்டு. இந்திய எருமைக்கொம்பு ஐரோப்பியக் கத்திப் பட்டறைகளுக்குக் கப்பலேறுகிறது. லகியோல் பாணிக் கத்திகளில் அடர்கறுப்பாக, கோடே இல்லாமல் பளபளக்கும் பிடி பல நேரம் எருமையுடையது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் ஜெர்மனியின் சோலிங்கனிலும் நூறாண்டுக்கு மேலாக உயர்ந்த ரகம் என்று பேர் வாங்கிய மான்கொம்புப் பிடி இந்தியக் காடுகளின் கடமானுடையது. ஐரோப்பிய மானின் கொம்பைவிடக் கடமான் கொம்பில் உள்ளே கெட்டி அதிகம், வெளியே முண்டும் முடிச்சும் ஆழம். கடமான் உதிர்த்துவிட்ட கொம்பைப் பொறுக்கி ஏற்றுமதி செய்தார்கள். 1990களின் இறுதியில் இந்திய அரசு அதையும் தடை செய்தது. அதன்பின் பழைய இருப்பில் இருந்த கொம்புகளின் விலை ஏறியது. எலும்பைச் செதுக்கிச் சாயம் ஏற்றி மான்கொம்பு மாதிரி செய்வது பெருகியது. யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகம் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே நின்றுபோனது. இன்று லகியோல் கடைகளில் தந்தம்போல் தெரிவது சைபீரிய உறைமண்ணிலிருந்து தோண்டிய மாமத்தின் தந்தமாக இருக்கலாம்; அந்தக் கத்தியின் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்க்கத் துணிவு வேண்டும்.

இவ்வளவு பேர் பெற்ற கத்தி தன் சொந்த ஊரில் கிட்டத்தட்ட அழிந்தே போயிருந்தது. முதல் உலகப்போருக்குப் பிறகு வேலை மொத்தமும் தியேருக்கு இடம்பெயர்ந்தது. 1987-ல்தான் லகியோலில் மறுபடி ஒரு ஆலை எழுந்தது. வடிவமைப்பாளர் பிலிப் ஸ்டார்க் அதன் கூரையைப் பிளந்துகொண்டு 18 மீட்டர் உயர அலகு ஒன்று வானத்தைக் குத்துவதுபோல் கட்டிக்கொடுத்தார். ஆள் நடமாட்டமில்லாத புல்வெளியில் தூரத்திலிருந்தே அது தெரியும். பெயர் மட்டும் ஊருக்குச் சொந்தமாக இல்லை. 1993-ல் வெளியாள் ஒருவர் லகியோல் என்ற சொல்லைப் பல வகைச் சரக்குகளுக்கு வணிகப் பெயராகப் பதிந்துகொண்டார். வழக்கில் தோற்ற ஊர்க்காரர்கள் 2012-ல் ஊர் எல்லையில் நின்ற பெயர்ப்பலகையைத் தாங்களே கழற்றி எதிர்ப்புக் காட்டினார்கள். 2019-ல் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஊருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சீனாவிலும் பாகிஸ்தானிலும் செய்த தேனீக் கத்திகள் பத்து யூரோவுக்கு இன்றும் சுற்றுலாக் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. அசலுக்கு நூறு யூரோவுக்குக் குறையாது. வித்தியாசம் பார்க்க எளிய இடம் பிடியும் குமிழும் சேரும் கோடு. அசலில் விரலால் தடவினால் மரம் முடிந்து உலோகம் தொடங்கும் இடம் தட்டுப்படாது. போலியில் நகம் மாட்டும்.

லகியோலில் வாங்குபவர்கள் கொம்புக்கு அடுத்தபடி கேட்பது ஜூனிபர் மரம். சிவந்த பழுப்பு, கையில் தேய்க்கத் தேய்க்க மிளகும் பிசினும் கலந்த வாசம் வரும். பல வருஷம் போனாலும் பையிலிருந்து கத்தியை எடுத்தவுடன் தெரியும். மிருதுவான மரம், சீக்கிரம் கீறும். இருந்தாலும் மேசையில் கத்தியோடு சாப்பிட உட்காருகிறவருக்கு இந்த ஒரு பிடியில் கிடைக்கும் சந்தோஷம் கருங்காலியில் கிடைக்காது.

வாங்கிய கத்தியை ஊருக்குக் கொண்டுவரும்போது அளவு மறுபடி முன்னே வந்து நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றிய விமான நிலைய விதி 6 செ.மீ. வரை அலகைக் கைப்பையில் அனுமதிக்கிறது. அதாவது ஐந்தாம் எண் ஒப்பினெல் வரை. இந்தியாவுக்குள் மாறும் விமானத்தில் அந்தச் சலுகை இல்லை, கைப்பையில் எந்தக் கத்தியும் கூடாது. வழியில் லண்டனில் இறங்கி ஊர் சுற்றுபவருக்கு வேறு கணக்கு: பூட்டில்லாத மடக்குக்கத்தி, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மிகாமல், அதாவது 7.62 செ.மீ. வரை, காரணம் சொல்லாமல் சட்டைப்பையில் இருக்கலாம். ஆறாம் எண்ணின் 7 செ.மீ. அலகு இந்த அளவுக்குள் வருகிறது. ஆனால் 1955-ல் போட்ட அந்தப் பாதுகாப்பு வளையம் அதைப் பூட்டுக்கத்தி ஆக்கிவிடுகிறது. பூட்டில்லாத லகியோலோ நீளத்தில் தோற்கிறது. நம் ஆயுதச் சட்ட விதிகளில் கத்திக்குச் சொல்லப்பட்டிருக்கும் நீளம் 9 அங்குலம், 22.86 செ.மீ.; ராட்சதப் பதின்மூன்றாம் எண்ணே நீளத்தில் அதற்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் நிற்கிறது. எந்த எண்ணாக இருந்தாலும் துணியில் சுற்றி, எடைபோட்டு அனுப்பும் பெட்டியின் அடியில் வைப்பதே வழி. மரப்பிடியாக இருந்தால் ஈரத்துணியில் சுற்றக் கூடாது.